வேலிக்கு உள்ளே ஓர் இடம்

கடைசி நட் அசைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. யுஸ்தீனா ஸ்பேனரை அதில் மாட்டி, நுனிமேல் ஏறி நின்று, உடம்புப் பாரத்தையெல்லாம் போட்டு ஒரு குதி குதித்தாள். இரும்பு கிறீச்சிட்டது. நட் அப்படியே இருந்தது. ஸ்பேனர்தான் நழுவி முழங்காலைப் பதம் பார்த்தது.

"பாவாடை மாட்டிக்கப் போவுதும்மா," என்றாள் மகள் நேட்டா. ஜாக்கிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"மாட்டுனா கிழியட்டும். நீ ஜாக்கியைப் பாரு. வண்டி சாஞ்சா ஒரே வீட்டுக்கு ரெண்டு பெட்டி அடிக்க வேண்டியிருக்கும்."

வாய் அப்படிச் சொல்லிவிட்டதே தவிர, அந்த முதல் சவப்பெட்டியை நினைத்துப் பார்க்கவே அவள் தயாராக இல்லை. டிராக்டரின் பின்பக்கத்து ரப்பர் சக்கரங்கள் இரண்டும் சாயங்காலத்துக்குள் கழன்றாக வேண்டும். சாயங்காலம் சபை மூப்பர் டீட்ரிக் வருகிறார். முன்னறைக் கட்டிலில் அவள் புருஷன் ஈசாக் கிடக்கிறான். இதே டிராக்டரிலிருந்து வயலில் சரிந்து விழுந்தவன். வலது பக்கம் முழுக்கச் செத்து, பேச்சும் நின்றுபோயிற்று. சாந்தா குரூஸ் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய் நிம்மதியாக வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று பொலிவியாவில் எந்த பாஷை பேசுகிறவனுக்கும் தெரியும்.

காலையில் மூப்பர் குதிரைவண்டியில் வந்து முற்றத்திலேயே நின்றார். சபையை விட்டு விலக்கப்பட்டவன் வீட்டு வாசலை அவர் சும்மா மிதிக்க மாட்டார்.

"ரப்பர் கழலணும், யுஸ்தீனா. மனசு திரும்பிட்டேன்னு ஈசாக்கே காட்டணும். ரெண்டும் நடந்தா இன்னிக்கே உள்ள வந்து சேத்துக்கறோம்."

"வாயே வரலியே ஐயா, எப்படிச் சொல்லுவாரு?"

"தலையாட்டட்டும். கையை அழுத்தட்டும். ஆண்டவருக்கு வாய் எதுக்கு?"

"இல்லேன்னா?"

மூப்பர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கல்லறைப் பக்கம் பார்த்தார். "சட்டம் நான் போட்டது இல்லைம்மா," என்றார்.

இல்லையென்றால் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே. அங்கே தூக்குப் போட்டுக்கொண்ட ஒருவனும், யாரும் தேடி வராத ரோட்டு வேலைக்காரன் ஒருவனும் கிடக்கிறார்கள். வேலிக்கு உள்ளே அவளுடைய மூத்த பிள்ளை ஹைன்ரிக் இருக்கிறான், தொட்டிலிலேயே போனவன். அவனுக்கு அடுத்து அப்பா, அப்பாவுக்கு அடுத்து அம்மா என்று ஈசாக்கே இடம் காட்டி வைத்திருந்தான். செத்தவர்கள் எல்லாரும் எழுந்திருக்கிற அந்தக் கடைசி நாளில் கண்ணைத் திறந்து பார்க்கும்போது பக்கத்தில் பிள்ளை இருக்கிறான், புருஷனைக் காணோம் என்றால் அவள் யாரைப் போய்க் கேட்பாள்? அந்த நினைப்பு வந்ததிலிருந்து அவளுக்குச் சோறும் இறங்கவில்லை, தண்ணீரும் இறங்கவில்லை.

இத்தனைக்கும் காரணம் ரப்பர். வெளியூர்க்காரன் கேட்டால் சிரிப்பான். சிரித்துவிட்டுப் போகட்டும். சபையார் மட்டுமே குடியிருக்கிற இந்தக் காலனியில் டிராக்டர் உண்டு, பாலைக் குளிரவைக்க ஜெனரேட்டர் உண்டு, சக்கரம் மட்டும் இரும்பாகத்தான் இருக்க வேண்டும். "ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பா?" என்று ஈசாக் சபை நடுவிலேயே கேட்டிருக்கிறான். மூப்பரிடம் அதற்குப் பதில் இருந்தது, அது லேசான பதிலும் இல்லை. இரும்புச் சக்கரத்தில் உட்கார்ந்தவனுக்கு எலும்பெல்லாம் ஆடும். பொழுது சாய்ந்தால் போதுமடா அப்பா என்று இறங்கிவிடுவான். ஒருவன் உடம்பு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் அவன் நிலம். ரப்பர் வந்தால் ராவும் பகலும் ஓட்டுவான். பக்கத்து வயலைக் கேட்பான். பிறகு பக்கத்து வயல்காரனையே கூலிக்குக் கேட்பான். "அடுத்தவன் நிலத்தை முழுங்கப் பல்லு வேணாம், ரப்பர் போதும்," என்றார் மூப்பர்.

"ஆண்டவர் நெத்தி வேர்வையைத்தான் கேட்டாரு. கிட்னியையும் சேத்தா கேட்டாரு?" என்றான் ஈசாக். பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். ஆனால் அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விதைப்பு முடிந்த ஒவ்வொரு வருஷமும் அவனுக்கு மூத்திரத்தில் ரத்தம் போகும். போன வருஷம் மழை முந்திக்கொண்டது. இரும்புச் சக்கரம் சேற்றில் இடுப்பளவு இறங்கிவிட, சோயா வயலிலேயே அழுகிற்று. அதற்குப் பிறகுதான் டவுனுக்குப் போய் ரப்பர் சக்கரம் வாங்கி வந்தான். பழைய இரும்பை ஓட்டை உடைசல் வாங்குகிற ருஃபினோவிடம் தூக்கிப் போட்டுவிட்டான். ஏன் என்று கேட்டதற்கு, திரும்பிப் போகிற வழியே இருக்கக் கூடாது என்றான்.

"நான் திருடல. யாரு கூலியையும் பிடிச்சு வைக்கல. உழைச்சதுக்கு மன்னிப்புக் கேளுன்னா, அது என்னால ஆவாது." அவனைச் சபையை விட்டு விலக்கிய அன்று வீட்டுக்கு வந்து சொன்னது இவ்வளவுதான்.

விலக்கப்பட்டவனுக்கு யாரும் கை கொடுக்கக் கூடாது. அவன் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது. பெண்டாட்டி பிள்ளைகூட அவனோடு ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது. யுஸ்தீனா சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசையைக் கொண்டுவந்து போட்டாள். நடுவே ஒரு விரல்கடை இடைவெளி. இரண்டின்மேலும் சேர்த்து ஒரே விரிப்பை விரித்துவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். ஆனால் யார் வந்து பார்த்தாலும் மேசை இரண்டு. ஈசாக் விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "நீ வக்கீலாப் பொறந்திருக்க வேண்டியவ," என்றான்.

முற்றத்தில் குதிரைகள் கனைத்தன. பக்கத்து வயல்காரன் கொர்னேலியஸ் தட்டு வண்டியில் இரண்டு பெரிய இரும்புச் சக்கரங்களை ஏற்றிக்கொண்டு, கூட இரண்டு ஆட்களோடு வந்து நின்றான். யுஸ்தீனா எழுந்து நின்றாள். ஈசாக் ரப்பர் மாட்டியிருக்கிறான் என்று மூப்பரிடம் போய்ச் சொன்னது இந்தக் கொர்னேலியஸ்தான். ஆற்றோரத்துக் குத்தகை நிலத்தை இரண்டு பேரும் கேட்டிருந்தார்கள். முதல் மழைக்கே விதைத்துவிடுகிறேன் என்று சொல்லி ஈசாக் வாங்கிவிட்டான். அடுத்த ஞாயிறு கொர்னேலியஸ் மூப்பர் வீட்டில் இருந்தான்.

"தள்ளு தங்கச்சி," என்று ஸ்பேனரை வாங்கினான். இரண்டு அழுத்து. நட் கழன்று மண்ணில் விழுந்தது.

"யாரு சக்கரம்ணே இது?"

"என்னுதுதான்."

"அப்ப உங்க டிராக்டரு?"

"கட்டை மேல நிக்குது."

"மழை இதோ வந்துரும். ஊரே விதைக்கும். நீங்க கட்டைய வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

"விதைக்கட்டும். உன் நிலத்தை முதல்ல ஓட்டிக் குடுத்துட்டு, அப்புறம் என்னுதைப் பாத்துக்கறேன்."

"உங்களுக்கு என்ன பைத்தியமா?"

"ரெண்டு மாசமாப் பைத்தியம்தான்," என்றான் கொர்னேலியஸ். சக்கரத்தை உருட்டிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "நான் போய்ச் சொன்னது நியாயம்தான். இன்னிக்குக் கேட்டாலும் நியாயம்தான். ஆனா நியாயத்துக்காக நான் போகல."

யுஸ்தீனாவுக்கு அவன்மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இவனைத் திட்டித் தீர்க்க எத்தனையோ சொல் சேர்த்து வைத்திருந்தாள்.

"அவனைப் பாக்கலாமா?"

"மூப்பரு வந்துட்டுப் போகட்டும். அப்புறம் வாங்க."

வெயில் இறங்கும்போது மூப்பர் ஒரு போதகரோடு வந்தார். முதலில் கொட்டகைக்குப் போய் டிராக்டரைச் சுற்றி வந்தார். சக்கரத்தின் இரும்புப் பற்களைக் கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு இருவரும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றார்கள். நேட்டா கதவோரம் நின்றாள்.

"ஈசாக், நான் பேசறது கேக்குதா?"

ஈசாக்கின் கண் அவர் பக்கம் வந்தது.

"ரப்பரைக் கழட்டியாச்சு. உன் வீட்டுக்காரியே கழட்டிட்டா."

கண் யுஸ்தீனாவிடம் போயிற்று. அவள் தரையைப் பார்த்தாள். பகல் முழுக்கக் கொட்டகையில் இரும்புச் சத்தம்; அவனுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனாலும் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்தான் செய்தாள்.

"பொருளாசைக்கு இடம் குடுத்துட்டேன், சபைகிட்ட மன்னிப்புக் கேக்கறேன்னு உன் மனசு சொன்னா, தலையை ஆட்டு."

தலை ஆடவில்லை.

"கழுத்து அசையாதுங்க ஐயா," என்றாள் யுஸ்தீனா. மத்தியானம் கஞ்சிக் கரண்டியை வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவன் அவன். அவள் வாய் அவளைக் கேட்காமலே பேசிவிட்டது.

"அப்ப கை. இடது கையில உசுரு இருக்கா?"

"இருக்கு."

மூப்பர் ஓரடி முன்னே வந்து கையை நீட்டினார். பாதியில் நின்றுவிட்டார். இன்னும் விலக்கு நீங்கவில்லை. அந்தக் கையை அவர் தொடக் கூடாது. நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டார்.

"நோயாளியைப் பாத்துக்கறவ நீ. நீ பிடிச்சுக்கோ. அழுத்தினா சொல்லு."

யுஸ்தீனா கட்டிலருகே மண்டியிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சூடாக இருந்தது. மூப்பர் அதே கேள்வியை நிறுத்தி நிதானமாக இன்னொரு தடவை கேட்டார். கொட்டிலில் கறவை மாடுகள் கத்தின. பால் கறக்கிற நேரம் தாண்டியிருந்தது. கை அழுத்தவில்லை. அவள் காத்திருந்தாள். அவள் உள்ளங்கைக்குள் அவன் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. எவ்வளவு விரிய முடியுமோ அவ்வளவு விரிந்து அப்படியே நின்றன. யாருக்கும் தெரியாதபடி அவள் தன் இன்னொரு கையை மேலே வைத்து மூடினாள்.

"அழுத்தினானா?"

மூப்பர் முன்னால் பொய் சொன்னவளுக்கும் இதே விலக்குதான், இதே வேலிதான். சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்த பாடம் அது.

"அழுத்திட்டாருங்க," என்றாள். "நல்லா அழுத்துனாரு."

மூப்பரின் முகம் அழுகையில் கோணிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் அவரும் ஈசாக்கும் ஒரே பெஞ்சு. இரண்டு மாதமாக ரோட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர், இப்போது குனிந்து அவன் கன்னத்தில் முத்தமிட்டார். "சகோதரா," என்று சொல்லி அவன் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார். விரல்கள் விரிந்தபடியே இருந்தன.

"களைச்சுப் போயிட்டான்," என்றார் போதகரிடம்.

அவர்கள் போன பிறகு கொர்னேலியஸ் உள்ளே வந்து கட்டில் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றான். மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே போய்விட்டான். ஈசாக்கின் கண் யுஸ்தீனாவின் மேலேயே இருந்தது. கோபமா, வருத்தமா, வேறு ஏதாவதா என்று அவள் பார்த்தாள். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அந்தக் கண்ணில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"என்னங்க. உங்களை அங்க தனியா விட என்னால ஆவாதுங்க," என்றாள்.

அசையாது என்று அவள் சொன்ன கழுத்து மெல்ல அசைந்தது. ஈசாக் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நேட்டா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடிந்து, மாடு கறந்து, வாளியோடு யுஸ்தீனா உள்ளே வந்தபோது அவன் போயிருந்தான். முகம் சுவரைப் பார்த்தே இருந்தது. அவள் வாளியைத் தரையில் வைத்தாள். நேராகப் படுக்க வைத்துக் கண்ணை மூடினாள். பிறகு வாளியைக் கொண்டுபோய்ப் பாலை வடிகட்டி வைத்துவிட்டு வந்துதான் அழுதாள். சபையில் சேர்ந்தவன் வீட்டுச் சாவு என்பதால் தெரு முழுக்க வந்தது. ஆண்கள் கொட்டகையில் பெட்டி அடித்தார்கள். பெண்கள் ஐஸ்கட்டி கொண்டுவந்து, உடம்பைக் கழுவி, வெள்ளைத் துணி சுற்றினார்கள். அடுப்படியில் மாவு பிசைந்து, வருகிறவர்களுக்கெல்லாம் பன் சுட ஏற்பாடு செய்தார்கள்.

நேட்டா அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று மாவை உருட்டினாள்.

"அம்மா, அப்பா நெசமாவே அழுத்தினாராம்மா?"

"மூப்பரு கேட்டாரு. நான் சொன்னேன். நீயும்தான் நின்னுக்கிட்டிருந்த."

"நீ சொன்னது எனக்குத் தெரியும். அவரு அழுத்தினாரான்னு கேக்கறேன்."

"பன் கருகுது பாரு, போ."

பன்னை இன்னும் அடுப்பிலேயே வைக்கவில்லை. நேட்டா அம்மாவைப் பார்த்தாள். பிறகு போய்க் காலி அடுப்பைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள்.

வெயிலுக்குத் தாங்காது என்று மறுநாள் காலையிலேயே அடக்கம். தெற்கே மேகம் திரண்டு நின்றது. பாட்டு இழுத்து இழுத்து முடிந்ததும் மூப்பர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பேசினார். நல்லவர்தான், மனதார நேசித்துத்தான் பேசினார். அதுதான் யுஸ்தீனாவுக்குத் தாங்கவில்லை.

"வாலிபப் பிள்ளைங்களே, கேளுங்க. வேகமாப் போகணும், நிறையச் சேக்கணும்னு நினைச்சவன்தான் நம்ம ஈசாக். போய்ப் பாத்துட்டு, அதுல ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டுத் திரும்பி வந்தான். வாய் செத்துப்போச்சு. அவன் கைதான் சாட்சி சொல்லிச்சு. நாளைக்கு உங்க மனசு ரப்பரைத் தேடினா இந்தக் கையை நினைச்சுக்குங்க."

வாலிபப் பிள்ளைகள் தலைகுனிந்து நின்றார்கள். உயிரோடு இருந்தால் ஈசாக் பாதியிலேயே எழுந்து போயிருப்பான். போகிற போக்கில் கூட்டமே சிரிக்கிற மாதிரி ஒன்று சொல்லிவிட்டும் போயிருப்பான். அவன் சொல்லவே மாட்டேன் என்றதைத்தான் இனி காலனி முழுக்க அவன் பேரில் சொல்லப் போகிறார்கள், பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்வார்கள். அவர் அழுத்தவில்லை, விரலை விரித்தார் என்று அங்கேயே கத்திவிடலாம் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது. கத்தினால் நாலு பேராகச் சேர்ந்து பெட்டியைத் தூக்கி வெளியே கொண்டுபோவார்கள். அவள் வாயை இறுக்கிக்கொண்டாள். பெட்டி ஹைன்ரிக்கின் பக்கத்தில் இறங்கிற்று. கயிற்றை விட்டவர்களில் கொர்னேலியஸும் ஒருவன்.

மண் போட்டு முடிந்ததும் கூட்டம் பன்னுக்கும் காப்பிக்கும் வீட்டைப் பார்த்து நடந்தது. குதிரைவண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. நேட்டாவை மூப்பரின் மனைவி தன் வண்டியில் ஏற்றிக்கொண்டாள். யுஸ்தீனா கொஞ்சம் நின்றுவிட்டு வருகிறேன் என்று சொல்லி நின்றாள். வெளியே வரும்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கம், புல் மறைவில், இன்னொரு குழி வெட்டிக் கிடப்பதைப் பார்த்தாள். கொர்னேலியஸ் மண்வெட்டியோடு அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தான்.

"என்னண்ணே இது?"

அவன் தொப்பியைக் கழற்றித் திருகினான். "நான் வெட்டினதுதான் தங்கச்சி. ஆஸ்பத்திரியிலேர்ந்து அவனைக் கொண்டாந்த அன்னிக்கு. பொழுது தாண்டாதுன்னாங்க. வெயிலு வேற. யாராவது வெட்டித்தானே ஆகணும்னு... அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சுக்க. இதோ இப்பவே மூடிடறேன்."

மண்ணில் ஒரு வெட்டு வெட்டினான்.

"விடுங்கண்ணே."

"மழை வந்துரும். மாடு கீடு விழுந்து தொலைக்கும்."

"முள்ளு வெட்டிப் போட்டு வைங்க. மூட வேண்டாம்."

"வெறும் குழிய வெச்சு என்ன பண்றது?"

"இருக்கட்டும்ணே. ஒரு ஆளுக்கு வேண்டியிருக்கும்," என்றாள். துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று கொர்னேலியஸ் நினைத்துக்கொண்டான். மண்வெட்டியை வேலியில் சாத்திவிட்டு, முள் வெட்ட ஓடைப் பக்கம் இறங்கிப் போனான்.

முதல் தூறல் விழுந்தது. குழி நேர்த்தியாக வெட்டப்பட்டிருந்தது. ஓரங்களைச் சீவி, மண்ணை ஒரு பக்கமாகவே குவித்திருந்தான். கொர்னேலியஸ் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. ஈசாக்கின் உயரத்துக்கு அளவு பார்த்தே வெட்டியிருக்கிறான். யுஸ்தீனா கறுப்புப் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை ஓரமாக ஒருமுறை நடந்து பார்த்தாள். அவளுக்கு அது ஒரு சாண் நீளம் கூடுதலாக இருந்தது.